கொளுத்தும் வெயில் நாளை வீட்டில் சமாளிப்பது எப்படி

ஒரே ஜன்னல்தான். விடியற்காலையில் திறந்திருந்தால் வீடு குளிரும், 11 மணிக்கும் அப்படியே திறந்து கிடந்தால் வீட்டுக்குள் இருக்க முடியாது. வெயில் நாளைச் சமாளிப்பதில் முக்கால்வாசி இந்த நேரக் கணக்குதான். தண்ணீர் குடியுங்கள், வெளியே போகாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை மறுபடி எழுதி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. எந்த வேலையை எந்த நேரத்துக்குத் தள்ளலாம், எதைச் செய்தால் உண்மையிலேயே சூடு குறையும், எது வெறும் மனத்திருப்தி என்று பார்ப்போம்.

முதலில் ஒரு நாளின் சூடு எப்படி ஏறி இறங்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். காற்று மிகவும் குளிர்ந்திருப்பது சூரியன் உதிப்பதை ஒட்டிய நேரத்தில். சூரியன் தலைக்கு மேல் நிற்பது நண்பகலில் என்றாலும் காற்றின் சூடு உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் பிற்பகல் 2 மணியிலிருந்து 4 மணிக்குள், ஏனென்றால் தரை வெயிலை வாங்கி வாங்கிக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. கான்கிரீட் கூரையும் சுவரும் இன்னும் மந்தம். மதியம் வெளிப்பக்கம் வாங்கிய சூடு உள்பக்கம் வந்து சேரச் சில மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் ராத்திரி 9 மணிக்குத் தெருவில் நடந்தால் பரவாயில்லை என்று இருக்கும்போது, மாடி அறைக்குள் கூரையிலிருந்து அனல் இறங்கிக்கொண்டிருக்கும்.

ஆக, காலை எழுந்ததும் முதல் வேலை எல்லா ஜன்னலையும் கதவையும் திறந்து ராத்திரி தேங்கிய சூட்டை வெளியேற்றுவது. எப்போது மூடுவது? வெளிக்காற்று உள்காற்றைவிடச் சூடாகும் நிமிடத்தில். ஒரு சின்ன வெப்பமானி அறையில் இருந்தால் போதும், வெளியே எவ்வளவு என்று போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். அதுவும் இல்லையென்றால் முழங்கை வரை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பாருங்கள், உள்ளே இருப்பதைவிட வெளியே கதகதப்பாகத் தெரிந்தால் மூடும் நேரம் வந்துவிட்டது. வெயில் கடுமையான நாட்களில் காலை 8, 9 மணிக்கே இது வந்துவிடும். நீங்கள் மூடுவீர்கள், வீட்டில் இன்னொருவர் வந்து “காற்றே இல்லையே” என்று திறப்பார். இந்தச் சண்டை இல்லாத வீடு கிடையாது. ஒரு நாள் மூடி வைத்த அறையையும் திறந்து வைத்த அறையையும் மதியம் 3 மணிக்கு ஒப்பிட்டுக் காட்டுங்கள், அப்புறம் பேச்சு வராது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. புழுக்கமான இடங்களில், அதாவது காற்றில் ஈரம் அதிகமாக இருந்து உள்ளேயும் வெளியேயும் கிட்டத்தட்ட ஒரே சூடாக இருக்கும் நாட்களில், அறையை இறுக மூடினால் மூச்சு முட்டும். அங்கே உடம்பில் காற்று படுவதுதான் முக்கியம். நிழல் விழும் பக்கத்து ஜன்னலைத் திறந்து வையுங்கள், வெயில் அடிக்கும் பக்கத்தை மட்டும் மறையுங்கள்.

மறைப்பது என்றதும் எல்லோரும் திரைச்சீலையை இழுத்து விடுகிறார்கள். இல்லாததற்கு அது மேல். ஆனால் திரையில் படும் வெயில் ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்டது. திரை சூடாகி, அந்தச் சூடு அறைக்குள்ளேயே சுற்றும். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும். மூங்கில் தட்டி, நிழல் வலை, பழைய வேட்டி, படுக்கை விரிப்பு, எது கையில் கிடைக்கிறதோ அதை ஜன்னலுக்கு வெளியே ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டுங்கள். இடைவெளி இருந்தால்தான் இடையில் காற்று ஓடி, துணி வாங்கிய சூட்டை எடுத்துப் போகும். எல்லா ஜன்னலுக்கும் கட்ட முடியாவிட்டால் மேற்கு ஜன்னலுக்கு மட்டுமாவது கட்டுங்கள். மேற்கு வெயில்தான் மோசமான வெயில், சூரியன் தாழ்ந்து வருவதால் ஜன்னலுக்கு மேல் உள்ள சன்ஷேடு தடுக்காது, நேராகக் கட்டில் வரை வந்து விழும், அதுவும் காற்று ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும் நேரத்தில்.

அடுத்தது மின்விசிறி. இதைப் பற்றி நிறையத் தப்பான எண்ணம் இருக்கிறது. மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை, ஆளைத்தான் குளிர்விக்கிறது. ஆள் இல்லாத அறையில் ஓடினால் மோட்டாரின் சூடு கொஞ்சம் கூடும், வேறு பலன் இல்லை, எனவே அறையை விட்டுப் போகும்போது நிறுத்திவிடுங்கள். காற்று பட்டால் ஏன் சுகமாக இருக்கிறது? வியர்வை ஆவியாகும்போது உடம்பிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது, ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பம் போகும். வழிந்து சொட்டும் வியர்வைக்கு அந்தக் கணக்கு கிடையாது, ஆவியாவது மட்டும்தான் கணக்கு. புழுக்கத்தில் நனைந்து நனைந்தும் குளிராததன் காரணம் இதுதான்.

இன்னொன்று. தோலின் சூடு சுமார் 35 டிகிரி செல்சியஸ். அறைக் காற்று அதைத் தாண்டிவிட்டால் மின்விசிறி உங்கள் மேல் வீசுவது உங்களைவிடச் சூடான காற்று. வியர்வை இருக்கும் வரை பரவாயில்லை, ஆனால் 40 டிகிரியை ஒட்டிய வறண்ட நாளில், அதிலும் வியர்வை குறைவாகச் சுரக்கும் முதியவர்களுக்கு, வெறும் மின்விசிறி உதவுவதை விட்டு உடம்பைச் சூடேற்றத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் நீங்களே செயற்கையாக வியர்வையை உண்டாக்க வேண்டும். பனியனை நனைத்துப் பிழிந்து போட்டுக்கொள்ளுங்கள், அல்லது ஈரத் துண்டால் கழுத்து, கை, கால் எல்லாம் துடைத்துவிட்டு அப்புறம் விசிறிக்கு எதிரே உட்காருங்கள். ஒரு தெளிப்பான் புட்டியில் தண்ணீர் பிடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இன்னும் சௌகரியம். முழங்கை வரை இரண்டு கையையும் வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்திருந்தாலும் நன்றாகவே குளிரும்.

ஏர் கூலர் வைத்திருப்பவர்களில் பலர் ஏசி போல நினைத்துக் கதவை அடைத்துவிடுகிறார்கள். கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிர்விக்கிறது, அந்த ஈரம் வெளியே போக வழி இல்லையென்றால் அரை மணியில் அறை பிசுபிசுத்துவிடும். கூலருக்குப் பின்னால் ஒரு ஜன்னல், எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். காற்று ஏற்கெனவே ஈரமாக இருக்கும் இடத்தில் கூலர் வாங்குவது வீண் செலவு என்பது என் கருத்து. ஜன்னலில் ஈரத் துணி கட்டும் பழைய உத்திக்கும் இதே விதிதான், வறண்ட காற்றில் வேலை செய்யும், புழுக்கத்தில் செய்யாது. ஏசி இருந்தால் 24 முதல் 26 டிகிரிக்குள் வைத்துக் கூடவே மின்விசிறியை மெதுவாக ஓட விடுங்கள், வடிகட்டியைக் கழுவி மாட்டுங்கள், அவ்வளவுதான்.

சரி, சமையலறை. வெயில் நாளில் வீட்டுக்குள்ளேயே அதிகமாகச் சூட்டை உண்டாக்கும் இடம் அதுதான், அதனால் அடுப்பு வேலையைக் காலை 8 மணிக்குள் முடித்துவிடுங்கள், மதியத்துக்கும் சேர்த்து. கொதிக்கும் பாத்திரத்தை மூடி வையுங்கள், ஏனென்றால் வெளியேறும் நீராவி சூட்டோடு புழுக்கத்தையும் கூட்டும். இஸ்திரி போடுவதையும் அதே நேரத்தில் முடித்துக்கொள்வது நல்லது.

காலையில் சமைத்தால் மதியம் வரை கெடாமல் வைக்க வேண்டுமே என்ற கேள்வி வரும். சாதாரண நாட்களில் சமைத்த உணவை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பார்கள், காற்று 32 டிகிரியைத் தாண்டினால் அது 1 மணி நேரம்தான். எனவே ஆறும் வரை காத்திருக்கிறேன் என்று அடுப்பு மேடையிலேயே விட்டுவிடாதீர்கள். ஆழமான ஒரே பாத்திரத்தில் இருப்பதை அகலமான, தட்டையான இரண்டு மூன்று பாத்திரங்களில் பிரித்து, அவற்றைத் தண்ணீர்த் தட்டில் கொஞ்ச நேரம் வைத்தால் சீக்கிரம் ஆறும், பிறகு குளிர்சாதனப் பெட்டிக்குள் போகட்டும். அந்தப் பெட்டி உள்ளே இருக்கும் சூட்டைப் பின்பக்கமாகச் சமையலறைக்குள்தான் தள்ளுகிறது, சுவரோடு ஒட்டி வைத்தால் திணறும், ஒரு கை அளவு இடம் விடுங்கள். அதன் கதவைத் திறந்து வைத்து எதிரே நிற்பவர்கள் உண்டு, முகத்துக்கு ஜில்லென்று இருக்கும், அறை என்னவோ முன்பைவிடச் சூடாகத்தான் ஆகும்.

மாடியில் தண்ணீர்த் தொட்டி இருப்பவர்களுக்கு ஒரு சின்னப் பழக்கம்: காலையிலேயே குளியலறையில் இரண்டு வாளி பிடித்து மூடி வைத்துவிடுங்கள். மதியம் குழாயைத் திறந்தால் முதலில் வருவது வெயிலில் கிடந்த குழாய்த் தண்ணீர், கை வைக்க முடியாது, அதைக் கீழே விடாமல் எண்ணெய்ப் பிசுக்குப் பாத்திரத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். குழந்தையைக் குளிப்பாட்டும்போது இதில் கவனம் தேவை, வெந்நீர்க் குழாயைத் திறக்கவில்லையே என்ற நம்பிக்கையில் நேராகத் தலையில் ஊற்றிவிடக் கூடாது.

குடிக்கும் தண்ணீர் பற்றி ஒரே ஒரு அளவு எல்லோருக்கும் பொருந்தாது. சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் போதுமான அளவு குடிக்கிறீர்கள், அடர்ந்த மஞ்சளாகவோ குறைவாகவோ போனால் போதவில்லை. வெயிலில் வேலை செய்கிறவர்கள் 15, 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு தம்ளர் என்று குடிப்பது நல்லது, தாகம் வரும் வரை காத்திருந்து ஒரு செம்பு நிறையக் கவிழ்ப்பதைவிட இது உடம்புக்கு ஏற்றது. அதற்காக ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் போகாதீர்கள், ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போனால் அதுவும் ஆபத்துதான். வழக்கம்போல் மூன்று வேளை சாப்பிடுகிறவருக்குத் தனியாக உப்பு தேவைப்படாது. மணிக்கணக்கில் வியர்த்தாலோ வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தாலோ உப்புச் சர்க்கரைக் கரைசல் குடிக்கலாம்: 1 லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டி எடுத்த 6 தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டி எடுத்த அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பைக் கண் மதிப்பாகப் போடாதீர்கள், கூடினால் கெடுதல். இதயம், சிறுநீரகப் பிரச்சினைக்காகத் தண்ணீர் அளவைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். காபி, தேநீர் வழக்கமான அளவில் குடிப்பதால் உடம்பு வற்றிவிடாது, மது வேண்டாம்.

வயதானவர்களிடம் “தாகமா இருக்கா?” என்று கேட்காதீர்கள். வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்கிவிடும், இல்லை என்றுதான் சொல்வார்கள், பொய்யும் இல்லை. கேட்காமல் தம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நில்லுங்கள். ராத்திரி எழுந்து போக வேண்டியிருக்குமே என்ற தயக்கத்தில் குடிக்காமல் இருப்பவர்களும் உண்டு, அவர்களுக்குப் பகலிலேயே அளவைக் கூட்டிவிட வேண்டியதுதான். நீர் பிரியும் மாத்திரை, ரத்தக் கொதிப்பு மாத்திரை, மனநல மருந்துகள் சில, வெயில் தாங்கும் சக்தியைக் குறைக்கும். அதற்காக நீங்களாகவே நிறுத்தக் கூடாது, வெயில் தொடங்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே போகும் வேலைகளைக் காலை 10 மணிக்கு முன்னும் மாலை 4 மணிக்குப் பின்னும் வைத்துக்கொள்ள முடிந்தால் வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்தும் பெருமளவு தப்பலாம். குடை நல்லது, கூச்சப்படாதீர்கள், போகிற இடமெல்லாம் உங்களோடு வரும் நிழல் அது ஒன்றுதான். வானிலைச் செயலி காட்டும் “உணரும் வெப்பம்” நிழலுக்கான கணக்கு, நேர் வெயிலில் நின்றால் அதைவிடப் பல டிகிரி கூடுதலாக உணர்வீர்கள். புதிதாக வெயிலில் வேலைக்குப் போகிறவர்கள் முதல் நாளே முழு நேரம் நிற்கக் கூடாது, உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் எடுக்கும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கோடைக்கு நடுவில் வருவதைவிடத் தொடக்கத்தில் திடீரென்று வரும் வெயிலில் ஆட்கள் சுருண்டு விழுவதற்கு இந்தப் பழக்கமின்மையும் ஒரு காரணம்.

கார் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் பத்தே நிமிடத்தில் 10 டிகிரிக்கு மேல் ஏறும், ஏற வேண்டிய சூட்டில் பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே ஏறிவிடும், கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வைப்பதால் பெரிதாக எதுவும் மாறாது. குழந்தையையோ நாயையோ “ஒரு நிமிஷத்தில் வந்துவிடுகிறேன்” என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள். பின் இருக்கையில் குழந்தை இருந்தால் கைப்பையையும் அங்கேயே வையுங்கள், இறங்கும்போது கட்டாயம் திரும்பிப் பார்ப்பீர்கள். மருந்து, பவர் பேங்க், லைட்டர், தெளிப்பு வாசனைத் திரவியம் எதையும் உள்ளே விட வேண்டாம். கிளம்பும் முன் ஒரு பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டு எதிர்ப்பக்கத்துக் கதவை நாலைந்து முறை திறந்து மூடினால் உள்ளே அடைந்த அனல் வெளியேறிவிடும், பெல்ட்டின் இரும்புக் கொக்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் குழந்தைக்கு மாட்டுங்கள். தள்ளுவண்டியில் குழந்தையைக் கொண்டு போகிறவர்கள் வெயில் படாமல் இருக்கட்டும் என்று துணியால் முழுக்க மூடிவிடுகிறார்கள், உள்ளே காற்றோட்டம் நின்று சூடு வேகமாக ஏறும், குடை பிடியுங்கள், மூடாதீர்கள்.

நாயை நடைக்குக் கூட்டிப் போகும் முன் புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வையுங்கள். உங்களால் முடியவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் முடியாது. செடிக்குத் தண்ணீர் அதிகாலையில். துணியைத் திருப்பிப் போட்டு நிழலில் காய வைத்தாலே மதியத்துக்குள் காய்ந்துவிடும், சாயமும் போகாது.

மதியம் 1 மணியிலிருந்து 4 வரை எதையும் சாதிக்க நினைக்காதீர்கள். வீட்டிலேயே குளிர்ந்த இடம் எதுவோ அங்கே போய்ப் படுங்கள், பெரும்பாலும் அது கீழ்த்தளத்தில் மேற்கு வெயில் படாத அறையாக இருக்கும், தரையில் படுத்தால் இன்னும் நல்லது.

இந்த நேரத்தில்தான் ஆளைக் கவனிக்கவும் வேண்டும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, வழக்கத்துக்கு மீறிய வியர்வை, சோர்வு, இவை வந்தால் நிழலுக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்து, உடையைத் தளர்த்தி, உடம்பை ஈரமாக்கி விசிறி, சிறிது சிறிதாகத் தண்ணீர் கொடுத்தால் பெரும்பாலும் அரை மணியில் தெளிந்துவிடுவார். ஆனால் பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தடுமாறினாலோ, வலிப்பு வந்தாலோ, மயங்கினாலோ அது வெப்ப வாதம் (ஹீட் ஸ்ட்ரோக்). உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். வியர்வை நின்றிருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், உழைத்துக்கொண்டிருந்தவருக்கு வியர்வை கொட்டிக்கொண்டேகூட இருக்கலாம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும் வரை சும்மா நிற்காமல் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் பனிக்கட்டி வையுங்கள். நினைவு சரியில்லாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். காய்ச்சல் மாத்திரை இதற்குக் கேட்காது.

மாலை வெளிக்காற்று உள்காற்றைவிடக் குளிர்ந்ததும் மறுபடி எல்லாவற்றையும் திறங்கள். மேசை விசிறி இருந்தால் அதை ஜன்னலில் வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள், ஆமாம், வெளியே பார்த்துத்தான். அது உள்ளே அடைந்த சூடான காற்றைத் தள்ள, எதிர்ப்பக்கத்து ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று தானாக உள்ளே இழுக்கப்படும். அந்த ஜன்னலில் ஒரு துண்டுக் காகிதத்தை நூலில் தொங்கவிட்டுப் பாருங்கள், உள்பக்கமாகப் பறந்தால் சரி, பறக்கவில்லையென்றால் இடையில் எங்கேயோ கதவு சாத்தியிருக்கிறது. மாடி வீடாக இருந்தால் மேல்தளத்து ஜன்னலில் வெளியே தள்ளி, கீழ்த்தளத்தில் உள்ளே விடுங்கள், சூடான காற்று மேலேதான் ஏறும். கூரையில் தண்ணீர் ஊற்றுவது பலன் தரும்தான், தண்ணீர்ப் பஞ்சம் இருக்கும் இடத்தில் நியாயமில்லை. கூரைக்கு வெள்ளை அடிப்பது ஒருமுறைச் செலவு, வெயிலைத் திருப்பி அனுப்பும், கோடை முழுக்கப் பலன்.

படுக்கும் முன் குளிக்கும் தண்ணீர் ஐஸ் போல இருக்க வேண்டியதில்லை, வெதுவெதுப்பானதே மேல். மிகக் குளிர்ந்த தண்ணீர் பட்டால் தோலின் ரத்த நாளங்கள் சுருங்கி உள்ளே இருக்கும் சூடு வெளியேறாமல் நிற்கும். நுரை மெத்தை சூட்டைப் பிடித்து வைக்கும், முடிந்தால் பாயோ மெல்லிய பருத்தி விரிப்போ போதும். போனைத் தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள்.

கடைசியாக மின்வெட்டு. எல்லோர் வீட்டிலும் விசிறியும் ஏசியும் ஓடும் நாளில் மின்சாரம் போக வாய்ப்பு அதிகம். கை விசிறி, நிரப்பிய வாளி, சார்ஜ் ஏற்றிய விளக்கு மூன்றும் மாலையிலேயே தயாராக இருக்கட்டும். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தால் உள்ளே இருப்பது சுமார் 4 மணி நேரம் தாங்கும், நிரம்பிய உறைபெட்டி 2 நாள், பாதி நிரம்பியது 1 நாள். அந்த நேரம் தாண்டிய சமைத்த உணவு, பால், இறைச்சி இவற்றை முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள், நோய் தரும் கிருமிகள் பெருகிய உணவில் வாடை வந்தே தீரும் என்பதில்லை, கொட்டிவிடுங்கள்.